மன்றாட்டும் மண்வெட்டியும்

மலையைக் கண்டு மனிதன் மலைத்தான். மலைத்தவன் கைகூப்பினான். கூப்பிய கைகளைக் கண்டதும், காணிக்கை பெறக் காத்திருந்தவன் கடவுளின் பெயரால் கணக்கெழுதத் தொடங்கினான். மலைநாடுகள் பலவற்றின் பழங்கதை இந்த மூன்று வரிகளில் அடங்கிவிடும். ஆனால், நான்காவது வரி ஒன்றும் உண்டு. கைகூப்பிய கூட்டத்தின் நடுவே ஒருவன் நிமிர்ந்து நின்று, "இந்தப் பாறை இங்கே எப்படி வந்தது?" என்று கேட்டான். அன்று மலையின் வரலாறு மாறியது. மனிதனின் வரலாறும் மாறியது.

கற்பனைக் கதையன்று இது. ஐரோப்பாவின் நடுவே, ஆல்ப்ஸ் மலைகளின் மடியில், சுவிட்சர்லாந்து நாட்டின் தென்மேற்கே கிடக்கும் வாலே என்னும் மலைமாநிலத்தின் மெய்க்கதை. பிரெஞ்சு பேசுவோர் வாலே என்பர். ஜெர்மன் பேசுவோர் வாலிஸ் என்பர். இரண்டுக்கும் மூலமான இலத்தீன் சொல்லின் பொருள் பள்ளத்தாக்கு என்பதே. பெயரே நிலத்தைச் சொல்கிறது. நிலமோ மக்களின் வாழ்வையும் தாழ்வையும் சொல்கிறது.

நிலத்தின் வடிவம்

மாவிலை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவே ஒரு நரம்பு. அதிலிருந்து இருபுறமும் கிளைக்கும் சிறு நரம்புகள். வாலே மாநிலத்தின் வடிவம் அதுதான். நடுநரம்பாக ஓடுவது ரோன் ஆறு. பனியாறு ஒன்றின் அடியிலிருந்து பிறந்து, தென்மேற்காக இறங்கி, மார்த்தினி என்னும் ஊரருகே முழங்கை மடக்கியதுபோல் வடமேற்கே திரும்பி, சுமார் 160 கிலோமீட்டர் நடந்து ஜெனீவா ஏரியில் கலக்கிறது. வடக்கே பெர்ன் ஆல்ப்ஸ் ஒரு மதில். தெற்கே பெனைன் ஆல்ப்ஸ் மற்றொரு மதில். தென்மதிலில்தான் 4,478 மீட்டர் உயரமுள்ள மேட்டர்ஹார்ன் சிகரமும், சுவிட்சர்லாந்திலேயே உயர்ந்ததான 4,634 மீட்டர் டூஃபூர் சிகரமும் நிற்கின்றன. வடபுறத்தில் ஆல்ப்ஸ் மலையிலேயே மிக நீண்ட பனியாறான அலெட்ஷ் படுத்திருக்கிறது.

மாநிலத்தின் பரப்பு 5,224 சதுர கிலோமீட்டர். ஆயினும் மனிதன் குடியிருக்கத்தக்க இடம் அதில் சிறிது. பாறையும் பனியும் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. மக்கள் வாழ்ந்ததெல்லாம் ரோன் ஆற்றங்கரையிலும், இருபுறமும் கிளைத்துச் செல்லும் பக்கப் பள்ளத்தாக்குகளிலுமே. ஒரு பள்ளத்தாக்குக்கும் அடுத்ததற்கும் இடையே வானளாவிய மலைமுகடு. குளிர்காலத்தில் பனி வாயிலை அடைத்துவிடும். ஆகவே ஒவ்வொரு பள்ளத்தாக்கும் தனி உலகம், தனிப் பேச்சுவழக்கு, தனி வழக்காறு. ஆற்றின் மேற்பகுதியில் ஜெர்மன், கீழ்ப்பகுதியில் பிரெஞ்சு என மொழியும் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

இந்நிலத்தில் வியப்பொன்று உண்டு. தலைக்கு மேலே பனிமலை. காலடியிலோ வறண்ட வயல்! இரு மதில்களும் மழைமேகங்களைத் தடுத்துவிடுவதால், ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் மழைகூடக் காணாத ஊர்கள் இங்கே உண்டு. வானம் கொடுக்காததை மலையிலிருந்து மனிதன் எடுத்துக்கொண்டான். பனி உருகி ஓடும் நீரை உயரத்திலேயே மறித்து, மலைச்சரிவின் வழியே வாய்க்கால் வெட்டி, செங்குத்தான பாறை குறுக்கிட்ட இடத்தில் மரத்தொட்டிகளைப் பாறைமீது தொங்கவிட்டு, வயலுக்கும் திராட்சைத் தோட்டத்திற்கும் கொண்டுவந்தான். பிரெஞ்சில் பிஸ் என்றும் ஜெர்மனில் சுவோனன் என்றும் வழங்கும் இவ்வாய்க்கால்கள் இடைக்காலத்தில் எழுந்தவை. கயிற்றில் தொங்கியபடி அவற்றைப் பழுதுபார்த்த உழவர்களின் பெயரை எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை.

அந்த வாய்க்கால் எவன் ஒருவனின் சொத்துமன்று. ஊர்மக்கள் கூட்டாக வெட்டினர், கூட்டாகக் காத்தனர், முறைவைத்து நீர் பாய்ச்சினர். யாருக்கு எத்தனை நாழிகை என்பதை மரத்துண்டுகளில் குறி வெட்டி வைத்தனர். நீர் ஓடும்வரை ஒரு மரச்சுத்தியல் தானாகத் தட்டிக்கொண்டிருக்கும்படி செய்து வைத்தனர். ஓசை நின்றால் எங்கோ உடைப்பு என்று காவலன் அறிந்து ஓடுவான். ஏட்டறிவு இல்லாதவர்களின் பட்டறிவு இது! 2023-ஆம் ஆண்டு, சுவிட்சர்லாந்து உள்ளிட்ட ஏழு ஐரோப்பிய நாடுகளின் மரபுவழிப் பாசன முறையை யுனெஸ்கோ மாந்தரின் பண்பாட்டு மரபாக ஏற்றுப் பெருமைப்படுத்தியது.

கோலும் கோலோச்சலும்

உழைப்பவன் கையில் நீர் இருந்தது. ஆட்சி யார் கையில் இருந்தது? 999-ஆம் ஆண்டு பர்கண்டி மன்னன் மூன்றாம் ருடால்ஃப், இந்நிலத்தின் ஆட்சியுரிமையைச் சியோன் நகர ஆயருக்குத் தானமாகக் கொடுத்தான். மறுமைக்கு வழிகாட்ட வந்தவர் இம்மைக்கும் அதிபரானார். ஒரு கையில் அருட்கோல், மறு கையில் செங்கோல்!

மேற்பள்ளத்தாக்கின் ஊர்மக்கள் சளைக்கவில்லை. ஏழு வட்டாரங்களாகத் திரண்டு, தலைமுறை தலைமுறையாகப் போராடி, 1634-இல் ஆயரின் உலகியல் அதிகாரத்தை அகற்றினர். பாராட்டத்தக்க வெற்றிதான். ஆனால் வரலாறு பாதிக்கதையோடு நிறுத்த விடாது. அதே மேற்பள்ளத்தாக்கினர் 1475-76-இல் கீழ்ப்பள்ளத்தாக்கை வென்று, அங்கு வாழ்ந்தோரை 1798 வரை குடிமை உரிமையற்ற கீழ்மக்களாகவே வைத்திருந்தனர். தமக்கு உரிமை கேட்ட வாய், பிறருக்கு அதை மறுத்தது. மேலே இருப்பவனை எதிர்க்கும்போது சமத்துவம் பேசி, கீழே இருப்பவனைக் கண்டதும் அதை மறப்பது உலகெங்கும் உள்ள நோய்தான் போலும்!

1815-இல் வாலே சுவிஸ் கூட்டாட்சியில் இணைந்தது. அதற்கு முன்பே அந்நிலத்தில் நிகழ்ந்துவிட்ட ஒரு கொடுமையை இங்கே சொல்லியாக வேண்டும்.

எரிந்த உடல்கள்

ஆண்டு 1428. அன்னிவியே, ஏரான் என்னும் இரு பக்கப் பள்ளத்தாக்குகளில் தொடங்கியது சூனியக்காரர் வேட்டை. பயிர் கெட்டதா? சூனியம். மாடு பால் கறக்கவில்லையா? சூனியம். குழந்தை நோயுற்றதா? அதற்கும் சூனியமே. அவ்வாண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் லாய்க் நகரில் கூடிய வட்டாரத் தலைவர்கள் விதி ஒன்று வகுத்தனர். மூவருக்கு மேற்பட்டோர் ஒருவரைச் சூனியக்காரர் என்று சுட்டினால் அவரைப் பிடிக்கலாம்; ஒப்புக்கொண்டால் எரிக்கலாம்; ஒப்புக்கொள்ளாவிட்டால் ஒப்புக்கொள்ளும்வரை வதைக்கலாம்.

என்னே நீதி! ஆம் என்றாலும் நெருப்பு, இல்லை என்றாலும் நெருப்பு! ஆடவரும் பெண்டிருமாக நூற்றுக்கு மேற்பட்டோர் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்குள் மடிந்தனர் என்று அக்காலத்தில் வாழ்ந்த லூசர்ன் நகரத்து ஏட்டாசிரியர் ஃப்ரூண்ட் எழுதி வைத்தார். ஐரோப்பாவைப் பின்னர் மூன்று நூற்றாண்டுக் காலம் ஆட்டிவைத்த சூனிய வேட்டைகளின் தொடக்கங்களுள் ஒன்று இந்தப் பள்ளத்தாக்கில் நிகழ்ந்தது. மலை தந்த துன்பத்திற்குக் காரணம் தேடத் தெரியாதவர்கள் மனிதரைக் காரணமாக்கினர். அறியாமை தனியே நின்றால் பரிதாபத்திற்குரியது. அதன் கையில் அதிகாரம் சேர்ந்தால் கொள்ளியாகிறது.

பனிக்கு ஒரு பிரார்த்தனை

பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் குளிர் மிகுந்தது. பனியாறுகள் வளர்ந்து மேய்ச்சல் நிலங்களை நோக்கி இறங்கின. அலெட்ஷ் பனியாற்றின் ஓரத்தில் தேங்கிய மெர்யெலன் ஏரி அவ்வப்போது உடைத்துக்கொண்டு கீழே உள்ள ஊர்களைப் பாழாக்கியது. அஞ்சிய ஃபீஷ், ஃபீஷர்டால் ஊர்மக்கள் 1678-இல் ஒரு நேர்த்திக்கடன் பூண்டனர். ஒழுக்கமாக வாழ்வோம், ஆண்டவனை வேண்டுவோம், பனியாறு வளராதிருக்கட்டும் என்பது அதன் சாரம்.

பனியாறு செவிசாய்த்ததா? இல்லை. அந்த வேண்டுதலுக்குப் பின்னும் ஏறக்குறைய 180 ஆண்டுகள் கழித்து, 1860-ஐ ஒட்டித்தான் அது தன் முழுப் பருமனை எட்டியது. 1862 முதல் ஆண்டுதோறும் ஊர்வலமும் சேர்ந்தது. அப்போது பனியாறு சுருங்கத் தொடங்கியது. "கண்டீர்களா, ஊர்வலத்தின் மகிமையை!" என்று நம்பிக்கையாளர் கேட்கலாம். கேட்கட்டும். ஊர்வலம் போகாத ஊர்களிலும் பனியாறு சுருங்கியதே, அது யார் மகிமை? ஆல்ப்ஸ் மலைத்தொடர் நெடுகிலும் அதே காலத்தில் பனி பின்வாங்கியது. சேவல் கூவியதால் கதிரவன் எழுந்தான் என்பது சேவலின் கணக்கு. நம் கணக்கு அதுவாக இருக்கலாமா?

கதையின் சுவையான பகுதி இனித்தான். பனி சுருங்கிச் சுருங்கி, 1860 முதல் மூன்று கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. நீர்வளத்திற்கே கேடு வருமோ என்று அஞ்சிய அதே ஊர்மக்கள், பனியாறு வளர வேண்டும் என்று நேர்த்திக்கடனை மாற்றிக்கொள்ள 2009-இல் போப்பாண்டவரிடம் இசைவு கேட்டனர். 2010-இல் இசைவும் கிடைத்தது. குறையட்டும் என்று மூன்று நூற்றாண்டு வேண்டியவர்கள், இப்போது வளரட்டும் என்று வேண்டுகின்றனர். விண்ணப்பத்தை மாற்ற ரோமாபுரியின் இசைவு போதும். பனியை மாற்ற அது போதுமா? நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வானத்தைச் சூடாக்கியவன் மனிதன். அதைத் தணிக்க வேண்டியவனும் அவனே.

வேட்டைக்காரனின் வினா

இனி, நிமிர்ந்து நின்ற அந்த மனிதனிடம் வருவோம்.

அவன் பெயர் ழான் பியேர் பெரோதான். பாஞ் பள்ளத்தாக்கில் லூர்த்தியே என்னும் சிற்றூரில் 1767-இல் பிறந்தவன். மலையாடு வேட்டையாடி வாழ்ந்தவன். பல்கலைக்கழக வாசலை மிதித்தவனல்லன். ஆனால் மலையைக் கூர்ந்து பார்த்தவன். பள்ளத்தாக்கின் நடுவிலும் சரிவிலும், அவ்விடத்துப் பாறையோடு உறவே இல்லாத பெரும் பாறைகள் கிடந்தன. நோவா காலத்துப் பெருவெள்ளம் அடித்து வந்தவை அவை என்று வேதத்தை நம்பியோர் சொன்னார்கள். படித்த அறிஞர் பலரும் வெள்ளமே காரணம் என்றார்கள். பெரோதான் எண்ணிப் பார்த்தான். இத்தனை பெரிய பாறையை நீரால் சுமக்க முடியுமா? பனியாற்றின் அடியில் தேய்ந்த பாறைகளில் காணும் கீறல்கள், இன்று பனியே இல்லாத கீழ்ப்பள்ளத்தாக்கிலும் காண்கின்றனவே, ஏன்? அவன் கண்ட முடிவு ஒன்றே: முன்னொரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதையும் பனியாறு நிரப்பியிருந்தது, பாறைகளைச் சுமந்து வந்தது அதுவே.

1815-இல் தன் குடிசையில் இரவு தங்கிய பெக்ஸ் உப்புச் சுரங்கத்தின் இயக்குநர் ஷார்பாந்தியேயிடம் இதைச் சொன்னான். அவர் நம்பவில்லை. 1818-இல் மாநிலப் பொறியாளர் வெனெட்ஸ் அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தார். அவர் வந்ததற்குக் காரணம் ஒரு பேராபத்து.

1815-இல் கிழக்கிந்தியத் தீவுகளில் தம்போரா எரிமலை வெடித்ததை அடுத்து, 1816-இல் ஐரோப்பா கோடையே காணாமல் குளிரில் நடுங்கியது. வளர்ந்த ஜியெத்ரோ பனியாற்றிலிருந்து சரிந்த பனிக்கட்டிகள் திரான்ஸ் ஆற்றை அடைத்தன. பின்னால் பெரும் ஏரி ஒன்று தேங்கியது. 1595-இல் இதே இடத்து வெள்ளம் பள்ளத்தாக்கை அழித்த நினைவு மக்களுக்கு இருந்தது. வெனெட்ஸ் பணியாளர்களோடு வந்து பனியணையைக் குடைந்து நீர் வெளியேற வழிசெய்தார். இரவும் பகலும், எந்தக் கணத்தில் பனி தலையில் விழுமோ என்ற அச்சத்தின் நடுவே அவர்கள் வெட்டினர். ஏரியின் நீரில் கணிசமான பகுதி அவ்வழியே வடிந்தது. 1818 ஜூன் 16-இல் அணை உடைந்தது. சுமார் நாற்பது பேர் மாண்டனர். ஆயினும் அந்தக் கடப்பாரைகள் இல்லையேல் வெள்ளம் இன்னும் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும்! மன்றாட்டு தராத வடிகாலை மண்வெட்டி தந்தது.

வெனெட்ஸ், வேட்டைக்காரனின் சொல்லை அலட்சியம் செய்யவில்லை. ஆராய்ந்தார், 1821-லும் 1829-லும் அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். மறுக்க முனைந்த ஷார்பாந்தியே, சான்றுகளைக் கண்டு மனம் மாறி, 1834-இல் தாமே அக்கொள்கையை முழங்கினார். அவரைத் திருத்தச் சென்ற அகாசி தாமே திருந்தி வந்து, 1837-இல் பனியூழியைப் பற்றி உலகறியப் பேசினார். பூமியின் வரலாற்றில் பனிக்காலம் ஒன்று இருந்தது என்னும் பேருண்மைக்கு இப்படித்தான் வழி திறந்தது. நூல்களில் பெரிதாக நிற்பது அகாசியின் பெயர். அதன் வேரில் நிற்பது மலையாட்டு வேட்டைக்காரன் ஒருவனின் வினா. அறிவு எந்தக் குலத்தின் முதுசொமும் அன்று, எந்தப் பட்டத்தின் ஏகபோகமும் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

ஒரு சிட்டிகை உப்பு

அந்தப் பனி, பாறையைச் சுமந்ததோடு நில்லாமல் வேறொன்றும் செய்தது. பழைய மண்ணை வழித்துக்கொண்டு போயிற்று. மண்ணோடு போயிற்று அயோடின். விளைந்த தானியத்தில் அது இல்லை. குடித்த நீரில் இல்லை. கறந்த பாலிலும் இல்லை. விளைவு, கழுத்தில் தொங்கும் கழலை. அதனினும் கொடிதாக, பிறவியிலேயே வளர்ச்சி குன்றி, செவி மங்கி, மதி மங்கி வாடிய குழந்தைகள். வாலே பள்ளத்தாக்கின் பெயரே இந்நோயோடு சேர்த்துப் பேசப்பட்டது. பேசல் நகர மருத்துவர் ஃபெலிக்ஸ் பிளாட்டர், வாலேயின் பிராமுவா சிற்றூரில் கண்ட அத்தகைய மக்களைப் பற்றி எழுதி 1602-இல் வெளியிட்டார். அவருடைய தந்தை தாமஸ் பிளாட்டர், வாலேயின் கிரேஹன் என்னும் மலையூரில் ஆடு மேய்த்த சிறுவன். பின்னர் கற்று, பேசல் நகரில் அச்சகம் நடத்தி, பள்ளித் தலைமையாசிரியராக உயர்ந்தவர். ஆடு மேய்த்தவன் கையில் ஏடு வந்ததும், அவன் மகன் மருத்துவனாகித் தன் மண்ணின் நோயை எழுதினான்!

நோய்க்குக் காரணம் விதி என்றனர், இறைவன் திருவுளம் என்றனர், காற்றென்றும் நீரென்றும் கூறினர். 1811-இல் கூர்த்துவா என்னும் பிரெஞ்சு வேதியியலார் கடற்பாசிச் சாம்பலில் அயோடினைக் கண்டார். 1820-இல் ஜெனீவா மருத்துவர் குவாந்தே அதைக் கழலைக்கு மருந்தாக்கினார். அளவு மிகுந்ததால் சிலருக்குத் தீங்கு நேர, மருத்துவ உலகம் தயங்கியது. முடிச்சை அவிழ்க்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1918-இல் ஒட்டோ பாயார் என்னும் வாலே நாட்டு மருத்துவர், மிகச் சிறிய அளவில் அயோடின் கலந்த உப்பைக் கோவேறு கழுதையின்மீது ஏற்றிக்கொண்டு மலையேறினார். சென்ற ஊர் எது தெரியுமா? தாமஸ் பிளாட்டர் ஆடு மேய்த்த அதே கிரேஹன்! ஐந்து குடும்பங்களுக்கு உப்பைக் கொடுத்துப் பார்த்தார். கழலை சுருங்கியது. 1922-இல் சுவிஸ் கழலைநோய் ஆணையம் அயோடின் உப்பைப் பரிந்துரைத்தது. அடுத்த தலைமுறையில் அந்தப் பிறவிக்கேடு ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

நூற்றாண்டுகள் விதி என்று அழுததை ஒரு சிட்டிகை உப்பு வென்றது. இன்று நம் வீட்டு அடுக்களையில் இருக்கும் உப்புப் பொட்டலத்தில் 'அயோடின் கலந்தது' என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், அந்தக் கழுதையும் அந்த மலைப்பாதையும் நம் நினைவுக்கு வரவேண்டும்.

அறிவிருந்தும் அறமில்லையேல்

பிரார்த்தனையை விட்டு இயந்திரத்தை எடுத்துக்கொண்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். 1965 ஆகஸ்டு 30. சாஸ் பள்ளத்தாக்கில் மாட்மார்க் அணை கட்டும் பணி நடந்துகொண்டிருந்தது. தொழிலாளரின் கொட்டகைகளை அலலின் பனியாற்றின் நாவுக்கு நேர் கீழே அமைத்திருந்தனர். அந்தப் பனியாறு கேடு விளைவித்த செய்தி பதினேழாம் நூற்றாண்டு முதலே பதிவாகியிருந்தது. பனி உடைந்து விழுந்தது. 88 பேர் புதைந்தனர். அவர்களுள் 56 பேர் பிழைப்புத் தேடி வந்த இத்தாலியக் கூலித் தொழிலாளர். 1972-இல் வழக்கு மன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 17 பேரையும் விடுதலை செய்தது. மேல்முறையீடு செய்த குடும்பத்தார் வழக்குச் செலவில் பாதியைச் சுமக்க வேண்டும் என்றும் தீர்ப்பு வந்தது. உயிரையும் இழந்து, ஓலமிட்டதற்குக் கட்டணமும் கட்டு என்று சொன்ன நீதி அது!

அங்கே குறைந்தது அறிவியலன்று. ஏழையின் உயிருக்கு உரிய மதிப்பு. பகுத்தறிவு என்பது பொறிகளை இயக்கத் தெரிவது மட்டுமன்று. எவன் உயிரும் எவன் உயிருக்கும் தாழ்ந்ததன்று என்னும் உணர்வும் அதில் அடங்கும்.

அதற்கு அறுபது ஆண்டுகளுக்குப் பின், 2025-இல் லோட்சன் பள்ளத்தாக்கில் நிகழ்ந்ததையும் பாருங்கள். பிளாட்டன் சிற்றூருக்கு மேலே மலை பிளந்து பிர்ஷ் பனியாற்றின்மீது பாறைகள் விழுவதை அளவிகளாலும் கண்காணிப்பாலும் அறிந்தனர். மே 19-இல் சுமார் 300 மக்களையும் வெளியேற்றினர். மே 28-இல் பனியாறு இடிந்து வீழ்ந்தது. ஊரில் பெரும்பகுதி மண்ணுக்குள் மறைந்தது. ஓர் உயிர் போயிற்று. ஏனைய உயிர்கள் பிழைத்தன. வீடுகளை இழந்த அம்மக்களின் துயரம் பெரிது. எனினும் ஊர் போனாலும் ஊரார் இருக்கின்றனர். 1595-இல் இல்லாத எது 2025-இல் இருந்தது? மலை அதே மலை. பனி அதே பனி. அளந்து பார்க்கும் அறிவும், அளந்ததை நம்பி மக்களை முன்கூட்டியே அகற்றும் பொறுப்பும் இருந்தன.

சமயத்தார் எல்லோரும் வீணர் என்று சொல்வது நம் நோக்கமன்று. 2,469 மீட்டர் உயரத்தில் உள்ள பெரிய செயிண்ட் பெர்னார்டு கணவாயில், பனியில் சிக்கிய வழிப்போக்கரை நூற்றாண்டுகளாக மீட்டவர்கள் அங்குள்ள மடத்துத் துறவிகளே. வணங்கத்தக்க தொண்டு அது. ஆனால் பனியில் புதைந்தவனை வெளியே எடுத்தது எது? அவர்கள் கையிலிருந்த மண்வெட்டி! செபமாலை அப்போது இடுப்பில் இருந்தது.

இளைஞர்களே! மலையும் ஆறும் பனியும் யாருக்கும் பகையல்ல. யாருக்கும் தூதும் அல்ல. அவற்றை அறிந்தவனுக்கு அவை துணை. அறியாதவனுக்கு அவை அச்சம். அவன் அச்சத்தை அறிந்தவனுக்கோ அவை வாணிபம். வாலே பள்ளத்தாக்கின் வேட்டைக்காரன் நமக்கு விட்டுச்சென்றது பொன்னும் பொருளும் அல்ல, ஒரு கேள்வி. "எப்படி வந்தது?" என்னும் அந்தக் கேள்வியைப் பாறையிடம் மட்டும் கேட்டு நிறுத்திவிடாமல், நம்மைச் சுற்றிக் காலங்காலமாக அசையாமல் கிடக்கும் ஒவ்வொரு வழக்கத்திடமும் கேட்டுப் பாருங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.